பொருளியல் படிக்கத் தொடங்குவோருக்கு: எந்த வரிசையில், எப்படி?

பொருளியலை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களில் பலர் முதல் வாரத்திலேயே வரையறைகளை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். தேர்வுக்கு அது உதவலாம். ஆனால் ஒரு புதிய வரியைப் பற்றிய செய்தியையோ வட்டி விகித அறிவிப்பையோ படித்துவிட்டு, இதனால் யாருக்கு என்ன ஆகும் என்று சொந்தமாக யோசிக்க அது கைகொடுக்காது. யோசிக்கப் பழக வேண்டுமானால் சில கருத்துகளை அவற்றுக்குரிய வரிசையில், நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து, சின்னச் சின்னக் கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். கூட்டல், பெருக்கல், சதவீதம் தெரிந்தால் போதும்.

வழி முழுவதும் இரண்டு கேள்விகளைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். இது கிடைப்பதற்காக எது கைவிடப்படுகிறது? அந்த இழப்பு யார் தலையில் விழுகிறது? பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியை முதல் அத்தியாயத்தோடு விட்டுவிடுகின்றன; இரண்டாவதைக் கடைசியில் ஒதுக்கிவைக்கின்றன. இரண்டையும் எல்லா இடத்திலும் கேட்டால்தான் பாடம் உயிர் பெறும் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: வாய்ப்புச் செலவைக் கணக்கிடப் பழகுங்கள்

பொருளியல் என்றாலே பணம் என்று பலர் நினைக்கிறார்கள். பணம் அதில் ஒரு பகுதி மட்டுமே. நேரம், நிலம், உழைப்பு, இயந்திரம் என எதுவும் வேண்டிய அளவுக்கு இல்லை; ஆனால் ஒவ்வொன்றையும் பல வழிகளில் பயன்படுத்தலாம். லயனல் ராபின்ஸ் 1932-இல் பொருளியலுக்கு வரையறை தந்தபோது இந்தப் பற்றாக்குறையைத்தான் நடுவில் வைத்தார். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை கைவிட்டுப் போகின்றன. போனவற்றுள் எது மிகச் சிறந்ததோ, அதன் மதிப்புதான் வாய்ப்புச் செலவு.

இதைப் படித்தவுடன் புரிந்துவிட்டது போலத் தோன்றும். கணக்குப் போட்டால்தான் எங்கே தடுக்குகிறது என்று தெரியும். ஒருவர் வேலையை விட்டுவிட்டு ஓராண்டு முழுநேரமாகப் படிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்விக் கட்டணம் 60, புத்தகங்களுக்கு 5, சாப்பாட்டுக்கும் தங்கும் இடத்துக்கும் 80. வேலையில் இருந்திருந்தால் 150 சம்பளம் வந்திருக்கும். படிப்பின் உண்மையான செலவு என்ன? முதலில் வருகிற விடை பெரும்பாலும் 60, 5, 80 மூன்றையும் கூட்டிய 145. அதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. சாப்பாடும் தங்குமிடமும் படித்தாலும் படிக்காவிட்டாலும் வேண்டியவை. அந்த 80 படிப்பால் வந்த செலவு ஆகாது. கைக்கு வராமல் போன 150-ஓ எந்த ரசீதிலும் இல்லாததால் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. சரியான விடை 60 + 5 + 150 = 215. இப்போது தங்குமிடச் செலவை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். படிக்கும் ஊரில் அது 80-க்குப் பதில் 100 ஆகிறது என்றால், கூடுதலான 20-ஐ மட்டும் சேர்த்து 235 என்று எழுத வேண்டும்.

இதே கணக்கு அரசுகளுக்கும் பொருந்தும். நகரின் நடுவே அரசுக்குச் சொந்தமான நிலத்தில் ஒரு விளையாட்டரங்கம் கட்டுகிறார்கள். நிலம் நம்முடையதுதானே, அதற்குச் செலவில்லை என்கிறார்கள். அந்த நிலத்தில் வீடுகளோ மருத்துவமனையோ வந்திருக்கலாம். வராமல் போனவற்றுள் சிறந்தது எதுவோ அதுதான் நிலத்தின் செலவு. அதைச் சுமப்பவர்கள் அங்கே குடியிருந்திருக்க வேண்டியவர்கள். அவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது என்பதால் திட்ட அறிக்கையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இருக்காது.

படி 2: போனது போகட்டும், அடுத்த ஒன்றைப் பாருங்கள்

வாய்ப்புச் செலவில் எதைச் சேர்க்க வேண்டும் என்று பார்த்தோம். எதைச் சேர்க்கவே கூடாது என்பதும் முக்கியம். ஏற்கெனவே செலவாகி, எந்த முடிவெடுத்தாலும் திரும்பி வராத தொகை மூழ்கிய செலவு. இனி எடுக்கும் முடிவில் அதற்கு இடமில்லை.

பிரிட்டனும் பிரான்சும் 1962-இல் ஒப்பந்தம் போட்டுக் கட்டத் தொடங்கிய கான்கார்ட் விமானம் இதற்குப் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானம் அது. செலவு முதல் மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியது. வாங்குவதாகச் சொன்ன விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. இவ்வளவு செலவழித்த பிறகு நிறுத்துவதா என்ற வாதம் அப்போது வலுவாக இருந்தது. 1976-இல் பயணிகள் சேவை தொடங்கியது. கட்டப்பட்டவை மொத்தம் 20 விமானங்கள். அவற்றில் 14 மட்டுமே பயணிகள் சேவைக்குப் போயின. இவ்வளவு செலவழித்தாயிற்றே என்பது விமானத்தை முடிப்பதற்குக் காரணம் ஆகாது. இனி ஆகும் செலவு எவ்வளவு, இனி வரும் பயன் எவ்வளவு என்ற ஒப்பீடு மட்டுமே முடிவுக்கு உரியது.

இந்த ‘இனி’ என்ற பார்வைக்குப் பொருளியலில் இறுதிநிலை என்று பெயர். உயிர் வாழத் தண்ணீர் வேண்டும், வைரம் வேண்டியதில்லை. ஆனாலும் வைரம்தான் விலை உயர்ந்தது. ஆடம் ஸ்மித் 1776-இலேயே இதைக் குறிப்பிட்டார். சரியான விளக்கம் வர ஏறக்குறைய நூறு ஆண்டு ஆயிற்று. 1870-களில் ஜெவன்ஸ், மெங்கர், வால்ராஸ் ஆகிய மூவரும் தனித்தனியாக அதைக் கண்டார்கள். ஒரு பொருளின் மொத்தப் பயன் எவ்வளவு என்பதைப் பார்த்து விலை அமைவதில்லை. கையில் இருப்பதோடு இன்னும் ஓர் அலகு சேர்ந்தால் அது தரும் பயனைப் பார்த்தே மனிதர்கள் விலை கொடுக்கிறார்கள். தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் இன்னொரு குடம் தரும் கூடுதல் பயன் குறைவு. பாலைவனத்தில் தவிப்பவருக்கு முதல் குவளை தரும் பயனோ வைரத்தைவிட அதிகம்.

ஆகவே எந்த முடிவையும் ‘செய்வதா, வேண்டாமா’ என்று மட்டும் பார்க்காமல் ‘இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு ஆள், இன்னும் ஒரு கிலோமீட்டர்’ என்று உடைத்துப் பாருங்கள். கூடுதல் பயன் கூடுதல் செலவைவிட அதிகமாக இருக்கும்வரை தொடரலாம்.

படி 3: விதி மாறினால் நடத்தை மாறும்

இது சின்னப் படி, ஆனால் தவிர்க்கக் கூடாதது. இங்கிலாந்தில் 1696-இல் ஜன்னல் வரி வந்தது. ஜன்னல்கள் அதிகமுள்ள வீடு பணக்கார வீடாகத்தான் இருக்கும், எண்ணுவதும் எளிது என்ற கணக்கில் கொண்டுவந்தார்கள். மக்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். புதிய வீடுகளைக் குறைந்த ஜன்னல்களோடு கட்டினார்கள். வெளிச்சமும் காற்றும் இல்லாத அறைகளில் நோய் பெருகியது என்று மருத்துவர்கள் முறையிட்டார்கள். வரி 1851-இல்தான் நீக்கப்பட்டது. அடைத்துக் கட்டிய ஜன்னல்களைப் பழைய கட்டடங்களில் இன்றும் பார்க்கலாம்.

கவனியுங்கள்: அடைக்கப்பட்ட ஜன்னலிலிருந்து அரசுக்கு ஒரு காசும் வரவில்லை, வீட்டுக்காரருக்கும் வெளிச்சம் போயிற்று. ஒருவர் இழந்தது இன்னொருவருக்குப் போய்ச் சேரவே இல்லை. பல அடுக்குக் குடியிருப்புகளில் வரியைத் தவிர்க்க ஜன்னலை அடைத்தவர் கட்டட உரிமையாளர். இருட்டில் இருந்தவர் வாடகைக்காரர். எந்த விதியைப் பார்த்தாலும், மனிதர்கள் இதற்கு ஏற்பத் தங்களை எப்படி மாற்றிக்கொள்வார்கள் என்று உடனே கேளுங்கள்.

படி 4: தேவையும் அளிப்பும்

இங்கே நிதானமாக இருங்கள். பொருளியலில் பாதி குழப்பம் இந்த ஒரு படியைச் சரியாகப் பிடிக்காததால் வருவது.

நோட்டில் மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை போடுங்கள். பொருள் மிதிவண்டி என்று வைத்துக்கொள்வோம். விலை 10 என்றால் வாங்க நினைப்பவை (தேவை) 100, விற்க வருபவை (அளிப்பு) 20. விலை 20 என்றால் 80-ம் 40-ம். விலை 30 என்றால் இரண்டும் 60. விலை 40 என்றால் வாங்க 40, விற்க 80. விலை 50 என்றால் வாங்க 20, விற்க 100. விலை ஏற ஏற வாங்குபவர் குறைகிறார்கள், விற்பவர் கூடுகிறார்கள். இரண்டும் சந்திக்கும் 30 சமநிலை விலை. இதை வரைபடமாகவும் வரையுங்கள்: செங்குத்து அச்சில் விலை, கிடை அச்சில் அளவு. விலையைச் செங்குத்தாக வைப்பது ஆல்ஃபிரட் மார்ஷலின் 1890-ஆம் ஆண்டு நூலின் வழியாக நிலைத்துவிட்ட பழக்கம். கணிதம் படித்தவர்களுக்கு முதலில் தலைகீழாகத் தோன்றும், பழகிவிடும்.

யாரும் உத்தரவிடாமல் விலை எப்படி 30-க்கு வருகிறது? 20-இல் தொடங்கினால் 80 பேர் கேட்கிறார்கள், 40 வண்டிகள்தான் இருக்கின்றன. கிடைக்காதவர்களில் சிலர் கூடுதலாகத் தர முன்வருவார்கள். விற்பவரும் விலையைக் கூட்டிப் பார்ப்பார். 40-இல் தொடங்கினால் 40 வண்டிகள் விற்காமல் நிற்கும். விலையை இறக்கித்தான் தள்ள வேண்டும்.

இப்போது வண்டி ஓட்டத் தனிப் பாதைகள் போடப்பட்டு, எல்லா விலையிலும் முன்பைவிட 40 பேர் கூடுதலாக வண்டி கேட்கிறார்கள் என்று வையுங்கள். தேவைப் பத்தியை அழித்துவிட்டு 140, 120, 100, 80, 60 என்று மாற்றி எழுதுங்கள். அளிப்புப் பத்தியைத் தொடாதீர்கள். புதிய சந்திப்பு விலை 40-இல், அளவு 80-இல். விலை 30-லிருந்து 40-க்கு ஏறியிருக்கிறது. விற்பனையும் 60-லிருந்து 80-க்கு ஏறியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் புதியவர் திகைக்கிறார்: விலை ஏறினால் தேவை குறையும் என்றீர்கள், இங்கே இரண்டும் ஏறியிருக்கிறதே? விதி உடையவில்லை. இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் ஒரே பெயரில் அழைக்கப்படுவதால் வந்த குழப்பம் இது. விலை மாறியதால் வாங்கும் அளவு மாறுவது ஒன்று. அப்போது நீங்கள் அதே கோட்டின் மேல் நகர்கிறீர்கள். வருமானம், விருப்பம், மற்றப் பொருள்களின் விலை, எதிர்பார்ப்பு, வாங்குவோரின் எண்ணிக்கை இவற்றுள் ஒன்று மாறினால் கோடே இடம்பெயர்கிறது. அது வேறு. ‘தேவை கூடியதால் விலை ஏறியது, விலை ஏறியதால் தேவை குறைந்தது, ஆகவே விலை இறங்கும்’ என்று வட்டமடிக்கும் வாதங்களைச் செய்திகளில் அடிக்கடி பார்க்கலாம். முதல் ‘தேவை’ கோட்டின் இடப்பெயர்ச்சி, இரண்டாவது கோட்டின் மேல் நகர்வு. இரண்டையும் பிரித்துவிட்டால் வட்டம் அறுந்துவிடும்.

ஒவ்வொரு செய்திக்கும் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். பாதிக்கப்படுவது வாங்குவோரா, விற்போரா? கோடு இடமா வலமா நகர்கிறது? புதிய சந்திப்பில் விலை என்ன ஆகிறது? அளவு என்ன ஆகிறது? இரண்டு கோடுகளும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் விலை, அளவு இரண்டில் ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மற்றது எந்தக் கோடு அதிகம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. தேவை கூடி அளிப்பு குறைந்தால் விலை கட்டாயம் ஏறும், அளவு பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. இதை நீங்களே வரைந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அட்டவணையை இன்னும் அழிக்காதீர்கள். தேவை கூடிய பிறகும் விலை 30-ஐத் தாண்டக் கூடாது என்று அரசு ஆணையிட்டால்? கேட்பவை 100, வருபவை 60. நாற்பது பேர் வெறுங்கையோடு போக வேண்டும். யார் போவது என்பதை விலை தீர்மானிக்கவில்லை என்றால் வேறு ஏதாவது தீர்மானிக்கும்: வரிசை, சிபாரிசு, குலுக்கல், கறுப்புச் சந்தை. 1973 அக்டோபரில் அரபு எண்ணெய் நாடுகள் ஏற்றுமதித் தடை விதித்தபோது பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. அமெரிக்காவில் அப்போது எரிபொருளுக்கு விலைக் கட்டுப்பாடு இருந்தது. பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. சில மாநிலங்களில் வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதை வைத்து நாள் ஒதுக்கினார்கள். வரிசையில் கழித்த மணி நேரங்களும் ஒரு விலைதான். அந்த விலை யாருடைய பைக்கும் போய்ச் சேரவில்லை.

இதை வைத்து விலைக் கட்டுப்பாடு எப்போதும் தவறு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விலையை விட்டுவிட்டால் பணம் இல்லாதவர் ஒதுக்கப்படுவார். கட்டுப்படுத்தினால் நேரமோ செல்வாக்கோ இல்லாதவர் ஒதுக்கப்படுவார். எந்த முறையில் யார் வெளியே நிற்கிறார் என்பதைத் தெளிவாகச் சொல்வது பொருளியலின் வேலை. எது நியாயம் என்பதைச் சமூகம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 5: நெகிழ்ச்சி, அதாவது எவ்வளவு?

திசை தெரிந்தால் போதாது, அளவும் தெரிய வேண்டும். விலை 10 சதவீதம் ஏறியபோது வாங்கும் அளவு 4 சதவீதம் குறைந்தால் தேவை நெகிழ்ச்சி 4 ÷ 10 = 0.4. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் இது நெகிழ்ச்சி குறைந்த தேவை. விற்பவரின் வருவாய் 1.10 × 0.96 = 1.056 மடங்கு ஆகிறது. விலை ஏறியும் வருவாய் கூடுகிறது. அளவு 4-க்குப் பதில் 20 சதவீதம் குறைந்திருந்தால் 1.10 × 0.80 = 0.88, வருவாய் சரிகிறது. மாற்றுப் பொருள் எளிதில் கிடைத்தால் நெகிழ்ச்சி அதிகம். காலமும் ஒரு பங்கு வகிக்கிறது: எரிபொருள் விலை ஏறிய மாதத்தில் யாரும் வண்டியை மாற்றுவதில்லை, சில ஆண்டுகள் போனால் மாற்றுகிறார்கள்.

வரியின் சுமை யார் மேல் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சட்டம் யாரைக் கட்டச் சொல்கிறது என்பது முக்கியமல்ல; எளிதில் விலகிப் போக முடியாத தரப்பு அதிகம் சுமக்கும். அமெரிக்காவில் 1990-இல் இயற்றப்பட்ட ஆடம்பர வரி, 1,00,000 டாலருக்கு மேற்பட்ட உல்லாசப் படகுகளின் விலையில் அந்த வரம்பைத் தாண்டிய தொகைக்கு 10 சதவீதம் விதித்தது. செல்வந்தர்கள் கட்டுவார்கள் என்பது நோக்கம். செல்வந்தர்களுக்குப் பணம் செலவழிக்க வேறு வழிகள் இருந்தன. பலர் படகு வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள். படகு கட்டும் தொழிலாளர்களுக்கு உடனே வேறு தொழில் கிடைக்கவில்லை. 1993-இல் படகுகள் மீதான அந்த வரி நீக்கப்பட்டது.

படி 6: பரிமாற்றத்தால் எப்படி இருவருக்கும் லாபம்?

கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் ஒருமுறை பொருளியலாளர் பால் சாமுவேல்சனிடம், சமூக அறிவியலில் உண்மையாகவும் அதேசமயம் எல்லோருக்கும் தெரிந்ததாக இல்லாமலும் இருக்கும் ஒரு கூற்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். பல ஆண்டுகள் கழித்துச் சாமுவேல்சன் கண்ட விடை, ஒப்பீட்டு நன்மை. டேவிட் ரிக்கார்டோ 1817-இல் தந்த எண்களையே எடுத்துக்கொள்வோம்.

ஓர் அலகு துணி நெய்ய இங்கிலாந்துக்கு 100 பேரின் ஓராண்டு உழைப்பு வேண்டும், ஓர் அலகு திராட்சை மதுவுக்கு 120 பேர். போர்ச்சுகலுக்குத் துணிக்கு 90, மதுவுக்கு 80. இரண்டிலும் போர்ச்சுகலே திறமைசாலி. அப்படியானால் இங்கிலாந்திடமிருந்து அது ஏன் எதையும் வாங்க வேண்டும்?

படி 1-ஐ இங்கே கொண்டுவாருங்கள். இங்கிலாந்து ஓர் அலகு மது செய்தால் கைவிடும் துணி 120 ÷ 100 = 1.2. போர்ச்சுகல் கைவிடுவது 80 ÷ 90, ஏறத்தாழ 0.89. மதுவின் வாய்ப்புச் செலவு போர்ச்சுகலில் குறைவு; மதுவில் அதற்கு ஒப்பீட்டு நன்மை இருக்கிறது என்பதன் பொருள் இதுதான். அப்படியென்றால் துணியின் வாய்ப்புச் செலவு இங்கிலாந்தில்தான் குறைவாக இருக்க முடியும். இரண்டிலும் ஒருவரே குறைந்த வாய்ப்புச் செலவு கொண்டிருப்பது கணக்கில் நடக்காது. இருவரும் தனித்தனியாக இரண்டையும் ஓர் அலகு செய்தபோது மொத்தம் 2 துணி, 2 மது. இங்கிலாந்து தன் 220 பேரையும் துணியில் இறக்கினால் 2.2 துணி. போர்ச்சுகல் தன் 170 பேரையும் மதுவில் இறக்கினால் 2.125 மது. ஆட்கள் அதே ஆட்கள், தொழில்நுட்பம் அதே தொழில்நுட்பம். இரண்டு பொருளும் கூடிவிட்டன.

எண்களைப் பார்க்காமல் இதை நம்புவது கடினம், அதனால்தான் நோட்டில் போடச் சொல்கிறேன். ஆனால் இங்கேயே நின்றுவிட்டால் பாடம் பாதிதான். இங்கிலாந்தில் மது செய்துகொண்டிருந்தவர் ஒரே இரவில் நெசவாளர் ஆகிவிட முடியாது. நாட்டுக்குக் கிடைத்த லாபம் அவருக்குத் தானாக வந்து சேராது. டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கார்டன் ஹேன்சன் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, சீன இறக்குமதியின் போட்டி கடுமையாக இருந்த அமெரிக்கப் பகுதிகளில் உற்பத்தித் துறை வேலைகள் கூடுதலாகப் பறிபோனதைக் காட்டியது. மொத்த லாபம் உண்மை. இழந்தவர்களின் இழப்பும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர் எந்தப் பக்கம் நின்றாலும் அவரை நம்ப வேண்டாம்.

படி 7: சந்தை தவறும் இடங்கள்

விற்பவர், வாங்குபவர் இருவரும் செலவையும் பயனையும் முழுதாகச் சந்திக்கும்போதுதான் படி 4-இன் விலை நல்ல வழிகாட்டி. ஆலைப் புகை மூன்றாமவரின் நுரையீரலுக்குள் போனால் அந்தச் செலவு விலையில் இல்லை. இது புறவிளைவு. அந்தச் செலவை வரியாக விலைக்குள் கொண்டுவரலாம் என்று ஆர்தர் பிகு 1920-இல் எழுதினார். அமெரிக்காவில் 1990-இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம் வேறு வழியில் போனது. அனல் மின் நிலையங்கள் வெளியிடும் கந்தக டை ஆக்சைடுக்கு மொத்த வரம்பு வைத்து, அதற்குள் வெளியீட்டு உரிமங்களை வாங்கி விற்க அனுமதித்தது; வெளியீடு பெருமளவு குறைந்தது.

கலங்கரை விளக்கு, நாட்டுப் பாதுகாப்பு போன்ற பொதுப் பண்டங்களில் பணம் கட்டாதவரையும் ஒதுக்க முடியாது. அதனால் தனியார் அவற்றைப் போதிய அளவு தர மாட்டார்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாதபோதும் சந்தை தடுமாறும். பழைய கார் வாங்குபவருக்கு நல்ல காரையும் கெட்ட காரையும் பிரிக்கத் தெரியாவிட்டால் அவர் சராசரி விலைதான் தருவார். நல்ல கார் வைத்திருப்பவர் விற்காமல் விலகிவிடுவார். ஜார்ஜ் ஆகர்லோஃப் 1970-இல் எழுதிய இந்த விளக்கம் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது. சந்தை தவறினால் அரசுதான் என்றும் அவசரப்பட வேண்டாம். மீன்வளம், பாசன நீர், காடு ஆகியவற்றைப் பயன்படுத்துவோரே விதி வகுத்து நூற்றாண்டுகளாகக் காத்து வந்திருப்பதை எலினார் ஆஸ்ட்ரம் கள ஆய்வுகளால் காட்டினார். 2009-இல் பொருளியல் நோபல் பெற்ற முதல் பெண் அவர்.

படி 8: நாடு முழுவதையும் பார்க்கும்போது

பேரியல் பொருளியலில் முதலில் அளவைகளைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உள்நாட்டு மொத்த உற்பத்தி என்பது ஓராண்டில் நாட்டுக்குள் உற்பத்தியான இறுதிப் பண்டங்கள், பணிகளின் சந்தை மதிப்பு. சம்பளமில்லாத வீட்டு வேலை இதில் சேராது. நிலநடுக்கத்துக்குப் பின் வீடுகளைத் திரும்பக் கட்டும் வேலை சேரும். இடிந்துபோன வீடுகளின் மதிப்பு கழியாது. தேசிய வருமானக் கணக்கை உருவாக்கியவர்களில் முதன்மையான சைமன் குஸ்நெட்ஸ், ஒரு நாட்டின் நலத்தை இந்த ஓர் எண்ணிலிருந்து ஊகிக்க முடியாது என்று 1934-இலேயே எச்சரித்தார்.

பணவீக்கம் பற்றி இரண்டு சின்னக் கணக்குகள். சம்பளம் 8 சதவீதம் உயர்ந்து, விலைவாசி 6 சதவீதம் உயர்ந்தால் உண்மைக் கூலி 1.08 ÷ 1.06, அதாவது 1.9 சதவீதம்தான் உயர்ந்திருக்கிறது. அடுத்தது, பணவீக்கம் 9 சதவீதத்திலிருந்து 4-க்குக் குறைந்தது என்ற செய்தி. விலைகள் குறைந்தனவா? 100-க்கு விற்றது 109 ஆகி, பிறகு 113.36 ஆகியிருக்கிறது. ஏறும் வேகம்தான் குறைந்தது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே, ‘பணவீக்கம் இறங்கிவிட்டது என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் கையைக் கடிக்கிறது’ என்ற பலரின் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். வேலையின்மை விகிதத்திலும் ஒரு மறைவு உண்டு: வேலை தேடித் தேடிச் சலித்துத் தேடுவதை நிறுத்தியவர் அந்த எண்ணிக்கையில் இல்லை.

மைய வங்கி வட்டியை உயர்த்தினால் கடன் வாங்கிச் செலவு செய்வது குறைகிறது, மொத்தத் தேவை தணிகிறது, விலை ஏற்றம் மெல்ல மட்டுப்படுகிறது. இதற்கும் வாய்ப்புச் செலவு உண்டு. 1980-இல் அமெரிக்கப் பணவீக்கம் 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பால் வோல்க்கர் தலைமையில் மைய வங்கி வட்டியைக் கடுமையாக உயர்த்தி, 1983-க்குள் அதை 4 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தது. இடையில், 1982 இறுதியில், வேலையின்மை 10.8 சதவீதமாக ஏறியது. விலை நிலைபெற்றதன் பயன் எல்லோருக்கும் கிடைத்தது. அதற்கான விலையை வேலையிழந்தவர்கள் கொடுத்தார்கள். அப்படியே விட்டிருக்கலாமா என்றால், அதற்கும் எல்லை இருக்கிறது. 1923 நவம்பரில் ஜெர்மனியில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. வாழ்நாள் சேமிப்பை வங்கியில் வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

படி 9: கேள்விப்படும் கூற்றுகளைச் சோதியுங்கள்

ஒரு கூற்று கிடைத்ததும் அது எந்த வகை என்று பாருங்கள். ‘குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலைகள் குறையும்’ என்பது இயல்புரை. தரவு கொண்டு சோதிக்கலாம். ‘குறைந்தபட்சக் கூலியை உயர்த்த வேண்டும்’ என்பது நெறியுரை. தரவு உதவும், ஆனால் அது மட்டும் முடிவு செய்யாது.

சோதிப்பது எப்படி என்பதற்கு டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் செய்தது நல்ல பாடம். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக உயர்த்தியது. பக்கத்திலுள்ள பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரு பக்கத் துரித உணவகங்களின் வேலை எண்ணிக்கையை உயர்வுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். நியூ ஜெர்சியை மட்டும் பார்த்திருந்தால் அப்போதைய பொருளாதார மந்தத்தின் விளைவும் கூலி உயர்வின் விளைவும் கலந்திருக்கும். பக்கத்து மாநிலம் ஒப்பிட உதவியது. 1994-இல் வெளியான முடிவு, வேலைகள் குறையவில்லை என்றது. கூலியை உழைப்பின் விலையாகப் பார்த்தால், விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்று படி 4-இன் எளிய படம் சொன்னதற்கு இது மாறானது. தரவு பற்றி நீண்ட விவாதம் நடந்தது, இன்னும் நடக்கிறது. முதலாளிக்குக் கூலியைத் தானே நிர்ணயிக்கும் வலு இருக்கும் இடங்களில் எளிய படம் பொருந்தாது என்ற விளக்கத்துக்கு அதன்பின் கவனம் கூடியது. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் படித்து, அப்படியானால் கோடுகள் வரைந்ததெல்லாம் வீணா என்று கேட்கலாம். படம் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று சொன்னதால்தான் மாறாக நடந்தது கண்ணில் பட்டது. எந்த அனுமானம் பொருந்தவில்லை என்று தேடவும் முடிந்தது.

இனிப் பயிற்சி. வாரத்துக்கு ஒரு செய்தியை எடுங்கள்: ஒரு புதிய வரி, ஒரு மானியம், ஒரு தடை, ஒரு வட்டி மாற்றம். முதல் பக்கத்தில் கோடுகளை வரைந்து எது நகர்கிறது என்று குறியுங்கள். அடுத்த பக்கத்தில் இரண்டு பத்திகள்: கைவிடப்படுவது எது, சுமப்பவர் யார். ஒவ்வொரு பத்தியிலும் செய்தியில் சொல்லப்படாத ஒன்றையாவது எழுதும்வரை பக்கத்தைத் திருப்பாதீர்கள். தேதியையும் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பொருளின் விலையும் அளவும் என்ன ஆயின என்று தேடி, நீங்கள் எழுதியதன் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.